முட்டி போனால் நட்பும் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 51. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 26 வருஷம் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம் விருப்ப ஓய்வில் சொந்த ஊருக்கு வந்தேன். ஆறு மாதம் பித்துப் பிடித்தது போல் இருந்தது. பிறகு கே.ஆர்.பி. அணைப் பக்கம் விடியற்காலையில் ஓடும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். இப்போது 30 கிலோமீட்டர் ஓடுகிறேன்; அடுத்து 50 கிலோமீட்டர் அல்ட்ரா மராத்தானுக்குத் தயாராகிறோம். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது, இறந்துபோன என் தம்பியைப் பற்றி 29 வயதுப் பையனிடம் சொல்லி அழுதுவிட்டேன். மனைவியிடம்கூட அதைப் பேசியதில்லை. அவளோ, "வீட்ல அஞ்சு நிமிஷம் உக்காந்து பேச மாட்டீங்க, அவங்களோட அஞ்சு மணி நேரம் ஓடறீங்க" என்கிறாள். எங்களோடு ஓடிய பாலக்கோட்டுக்காரர் ஒருவர் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வருவதில்லை. யாரும் அவர் பேச்சை எடுப்பதுமில்லை. நாளைக்கு என் முட்டி போனால் இந்த நட்பும் போய்விடுமா?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாலக்கோட்டுக்காரர்தான் என் மனதில் நின்றுவிட்டார். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

வாரம் ஒரு ஷிஃப்ட் என்று மாறிக்கொண்டே இருந்தால் நட்பு வேர் பிடிப்பது கஷ்டம். ஊர் விழித்திருக்கும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். மெஷின் இரைச்சலில் மனம்விட்டு என்ன பேசிவிட முடியும்? இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த நண்பர்களைச் சந்தேகப்படாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் அல்ட்ரா. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிற அந்தத் தூரத்தைக் காலால் கடந்தாலே அது அல்ட்ராதான். இவ்வளவு தூரத்தை யாரும் தலைதெறிக்க ஓடுவதில்லை. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஏற்றம் வந்தால் நடப்பார்கள். இப்படி மணிக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது தானாக வாய்க்கு வந்துவிடும். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். வழித்துணை என்று இதற்கு நம்மிடம் ஒரு சொல்லே இருக்கிறது. உங்கள் தம்பிக்காக நீங்கள் அழுதது அந்தத் துணையில்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் மனைவி சொல்வதும் நியாயம். 26 வருஷம் உங்கள் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி சமைத்து, குழந்தைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். சாயங்காலம் அவரோடு அரை மணி நேரம் நடந்து போங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் உங்களுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது, நடந்தால் வரும். அந்தப் பையனிடம் சொன்னதை இவரிடமும் சொல்லுங்கள். வேறு யார் வாயிலிருந்தாவது அது அவர் காதுக்குப் போனால் தாங்கமாட்டார்.

தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்றொரு ஓட்டம் உண்டு. முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, போரில் இருந்து திரும்பிய ஒருவர் 1921-இல் ஆரம்பித்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் நகரங்களுக்கிடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அதை 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். வெடிக்கிறவர், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். ஒரு நொடியில் வாய்ப்பை இழக்கிறவரின் முகத்தை அவர் பார்க்கக் கூடாது. படித்த நாளிலிருந்து அந்த முதுகு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அங்கே மைதானம் திரண்டு நின்று கத்துவது முதலில் வருகிறவருக்காக மட்டுமில்லை. அந்தக் கடைசி நிமிஷங்களில் தள்ளாடி வருகிறவர்களுக்காகவும்தான்.

இந்த விளையாட்டில் ஓடாதவர்களுக்கும் பாதி வேலை இருக்கிறது. தண்ணீர் மேசையில் நிற்க வேண்டும், வாந்தி எடுப்பவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும், கடைசி ஆள் வரும்வரை கடையைக் கட்டாமல் இருக்க வேண்டும். நம் ஊர் நீர்மோர்ப் பந்தல் மாதிரிதான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். ஓட்டம் மட்டுமே உங்களைச் சேர்த்து வைத்திருந்தால், முட்டி போகும்போது நட்பும் போய்விடும். ஆகவே கால் நன்றாக இருக்கும்போதே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் தண்ணீர் மேசைக்குப் போய் நில்லுங்கள். 50 கிலோமீட்டர் முடிந்த மறுநாள் மனம் வெறிச்சென்று ஆகிவிடும். நிறைய பேருக்கு அப்படி ஆகிறது. பதக்கம் அதற்கு மருந்தில்லை. அடுத்த வாரம் உங்களை எதிர்பார்த்து ஒருவர் இருந்தால், காலையில் எழுந்திருக்கக் காரணம் இருக்கும்.

உடம்பு விஷயத்தில் சில சொல்லாமல் விட முடியாது. இந்த வயதில் தூரத்தைக் கூட்டும் முன் பி.பி., சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள்; டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வழி நெடுக வெறும் தண்ணீராகவே குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆளையே சாய்த்துவிடும். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், உப்புப் போட்ட மோரும் கடலை மிட்டாயும் கூட இருக்கட்டும். ஓடும் நாளில் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம்; உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தளி, அஞ்செட்டிப் பக்கம் பயிற்சிக்குப் போனால் நன்றாக விடிந்த பிறகே இறங்குங்கள். யானை நடமாட்டம் உள்ள காடு அது.

இப்போது பாலக்கோட்டுக்காரர். குழுவில் யாரும் அவர் பேச்சை எடுப்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அந்தக் குழுவில் நீங்களும் ஒருவர்தானே? இதே கேள்வியை அவர் தன் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். இந்த வாரமே போய்ப் பாருங்கள். போனில் விசாரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்த 29 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த நீண்ட ஓட்டத்தன்று தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுவதாகச் சொல்லுங்கள். நேரம் குறிக்க ஒரு நோட்டும் பேனாவும் அவர் கையில் கொடுங்கள்.