மெக்சிகோவின் மசத்லான் கடற்கரையில் நண்பர்களோடு கூடுகிறோம், கையில் ஒரு கரியடுப்பும் ஐஸ் பெட்டியும் மட்டுமே இருக்கும். என்ன பலகாரம் செய்யலாம்?

மசத்லான் கடற்கரை, கையில் ஒரு கரியடுப்பும் ஐஸ் பெட்டியும் மட்டும் என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் முதலில் எலோட்டே, அதாவது சுட்ட மக்காச்சோளம். ஸ்வீட் கார்ன் வாங்காதீர்கள். அந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கும் வெள்ளைச் சோளம் மாவுப்பதமாக இருக்கும், மென்று தின்ன அதுதான் சுகம். மேல்தோலைப் பிய்த்தெறியாமல் பின்னால் மடித்துக் கட்டினால் அதுவே கைப்பிடி. அங்கங்கே கருப்புப் புள்ளி விழும்வரை தணலில் திருப்பித் திருப்பிச் சுட்டு, சூட்டோடு மயோனைஸ் தடவுங்கள். அந்தப் பிசுக்கில்தான் உதிர்த்த கோத்திகா சீஸும் மிளகாய்த்தூளும் ஒட்டும். மேலே எலுமிச்சை. சீஸிலேயே உப்பு தூக்கலாக இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

அடுப்பே தேவைப்படாதது அகுவாசிலே, மசத்லான் இருக்கும் சினலோவா மாநிலத்தின் பெருமை. இறாலைக் கீறி விரித்து, எலுமிச்சைச் சாற்றோடு பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, வெள்ளரியும் வெங்காயமும் சேர்த்து தொஸ்தாதா என்னும் மொறுமொறுப்பான சோள ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவார்கள். புளிப்பில் இறால் வெளுக்குமே தவிர, கிருமியெல்லாம் சாகாது. சந்தேகமிருந்தால் கொதிநீரில் வேகவைத்துவிடுங்கள்.

யாருக்காவது இன்னும் பசித்தால் தோர்த்தியா என்னும் மெல்லிய ரொட்டிக்குள் ஒஹாகா சீஸ் வைத்து மடித்துச் சுடுங்கள், கேசதியா தயார்.

முக்கியமாக, மிச்சத் தணலை மணலில் புதைக்காதீர்கள். உள்ளே மணிக்கணக்கில் கனன்று, வெறுங்காலோடு வரும் குழந்தையைச் சுட்டுவிடும். தண்ணீர் ஊற்றி அணைத்து, கரியை அள்ளிக்கொண்டு வாருங்கள்.