பைத்தானில் எழுதிய வரைகலை நிரலைப் பயனர்களுக்கு எளிதாகக் கொடுப்பது எப்படி?

பைத்தானும், படங்களைக் கையாளும் அதன் பில்லோ நூலகமும் கொண்டு எழுதிய நிரலை, பைத்தான் நிறுவாத விண்டோஸ் கணினிகளிலும் ஓடும்படி கட்டிக் கொடுக்க வழி கேட்டிருக்கிறீர்கள். நிரலையும் அதற்குத் தேவையான பைத்தானையும் ஒன்றாக மூட்டை கட்டும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி போதும். ஆனால் அது எதை மூட்டை கட்டாமல் விட்டுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அழைப்பிதழ்களில் பெயர் அச்சிடும் சிறு நிரல் ஒன்றை எழுதி, தெரிந்த அச்சகம் ஒன்றுக்குக் கொடுத்தேன். என் கணினியில் எல்லாம் சரியாக வந்தது. அச்சகத்தில் 'செல்வி' என்ற பெயரில் ஒற்றைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் 'ல்'லை ஒட்டி நின்றது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அட்டையைப் பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஒருவருடைய பெயரை அப்படிச் சிதைத்துக் கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

தமிழ் எழுத்துகளை முறைப்படி அடுக்க, பில்லோவுக்கு ராக்ம் என்ற நூலகம் வேண்டும். பில்லோ 8.2 முதல் அதன் ஆயத்தத் தொகுப்பிலேயே ராக்ம் இருக்கிறது. ஆனால் அது, வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான ஃபிரிபிடி என்ற இன்னொரு நூலகத்தை ஓடும்போதுதான் தேடி எடுத்துக்கொள்ளும். தமிழ் இடமிருந்து வலமாக எழுதப்படும் மொழிதான்; இருந்தும் ஃபிரிபிடி இல்லாவிட்டால் ராக்ம் இயங்காது. பில்லோ சத்தமில்லாமல் எளிய அடுக்குமுறைக்கு இறங்கிவிடும். என் கணினியில் எப்போதோ வேறு வேலைக்காகப் போட்ட ஃபிரிபிடியின் டிஎல்எல் (விண்டோஸ் நூலகக் கோப்பு) கிடந்தது; அதனால்தான் அங்கே சரியாக வந்தது. ஓடும்போது தேடப்படும் கோப்பைப் பைஇன்ஸ்டாலர் தானாகக் கண்டுபிடிக்காது. நீங்கள்தான் அந்த டிஎல்எல்லைப் பைனரி கோப்பாகச் சேர்க்க வேண்டும். நிரல் தொடங்கும்போதே ராக்ம் கிடைக்கிறதா என்று பில்லோவின் ஃபீச்சர்ஸ் தொகுதியிடம் கேட்டு, இல்லையென்றால் வெளிப்படையாக எச்சரித்து நிறுத்துங்கள். தவறாக அச்சிடுவதைவிட ஓடாமல் நிற்பது மேல்.

எழுத்துருவையும் உடன் அனுப்புங்கள். விண்டோஸின் தமிழ் எழுத்துருவான லதா, விண்டோஸ் 10 முதல் தனியே நிறுவ வேண்டிய கூடுதல் எழுத்துருவாகிவிட்டது. எல்லாக் கணினியிலும் இருக்குமென்று நம்ப முடியாது. அதை எடுத்துப் பகிரவும் உங்களுக்கு உரிமை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகிறது; நிரலோடு சேர்த்துக் கொடுக்கலாம், உரிமக் கோப்பையும் கூடவே வையுங்கள்.

ஒரே கோப்பாகக் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த முறையில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளடக்கம் முழுவதும் தற்காலிகக் கோப்புறையில் பிரிக்கப்படுகிறது. படங்களும் எழுத்துருக்களும் நிறைந்த நிரல் திறக்கவே நேரம் பிடிக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் அதன்மேல் எளிதில் சந்தேகப்படும். நான் கோப்புறையாகவே கட்டி, இன்னோ செட்டப் என்ற கருவி கொண்டு நிறுவல் கோப்பு ஒன்று செய்து கொடுக்கிறேன். பயனருக்கு அதுவும் ஒரே கோப்புதான். விண்டோஸுக்கான நிரலை விண்டோஸிலேயே கட்ட வேண்டும்; லினக்ஸில் உட்கார்ந்து கட்ட முடியாது.

அனுப்புவதற்கு முன், பைத்தானே ஏறாத புதிய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியில் போட்டு, 'கௌசல்யா', 'சொக்கன்', 'செல்வி' மூன்றையும் அச்சிட்டுப் பாருங்கள்.