சென்சார் பொய் சொன்னால் போர்டு என்ன செய்யும்?

(கோழி ஷெட், இன்குபேட்டர், பட்டுப்புழு மனை ஆகியவற்றில் இருக்கும் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் பற்றி வந்த கேள்விகள் இவை. சென்சார் சூட்டை அளந்து சொல்லும், கண்ட்ரோலருக்குள் இருக்கும் போர்டு அதைப் பார்த்து ஹீட்டரை ஓட்டும், நிறுத்தும். பல்லடம், சூலூர் வட்டாரத்தில் முப்பது வருடமாகப் பேனல் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் பதில் சொல்கிறார்.)

அண்ணா, எங்களுடையது 5,000 குஞ்சு பிடிக்கிற கறிக்கோழி ஷெட். குஞ்சு இறக்கி 9 நாள் ஆகிறது. கண்ட்ரோலரில் 30 டிகிரி வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளேயில் 29.8 காட்டுகிறது. ஆனால் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு சுவரோரம் ஒதுங்குகின்றன. ஹீட்டர் நிற்பதே இல்லை. வீட்டில் அவள் கொண்டுவந்து மாட்டிய சாதாரணத் தெர்மாமீட்டரில் 33 இருக்கிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, போர்டு போயிருச்சு, புதுசு போடணும் என்கிறார். போடலாமுங்களா?
*– பண்ணைக்காரர், பல்லடம் அருகே*

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. இதைப் படித்ததும் முதல் வேலையாகக் கண்ட்ரோலரில் 30 என்று இருப்பதை 27 ஆக்குங்கள். டிஸ்ப்ளே மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்றால், 27 வைத்தால்தான் உள்ளே 30 இருக்கும். பழுது பார்க்கிறவரை குஞ்சுகள் வெந்துகொண்டிருக்கக் கூடாது.

அடுத்து, உங்கள் வீட்டுக்காரம்மா செய்தது ரொம்பச் சரியான காரியம். ஒன்று மட்டும் பாருங்கள்: அந்தத் தெர்மாமீட்டர் சென்சாருக்குப் பக்கத்திலேயே, குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்குகிறதா? சென்சார் ஒரு மூலையிலும் தெர்மாமீட்டர் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடருக்கு அடியிலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அது பழுதும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்போதும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் மேலே படியுங்கள்.

29.8 என்று சென்சார் சொல்கிறது, 30 வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், ஹீட்டரை ஓட விடுகிறது போர்டு. அதற்குச் சொன்னதை அது ஒழுங்காகத்தான் செய்கிறது. சொன்ன தகவல்தான் தப்பு. அதனால் போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் கோழி ஷெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது 10 கே என்.டி.சி. சென்சார். 25 டிகிரியில் அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) 10,000 ஓம். சூடு ஏற ஏற ஓம் குறையும், குளிரக் குளிர ஓம் கூடும். உங்களுடையதும் அதுதானா என்று கண்ட்ரோலரோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் என்றால், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 10 கே ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், ஒரு சதவீதத் துல்லியம் உள்ளதாகக் கேளுங்கள். மெயினை அணைத்து, சென்சார் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் ரெசிஸ்டரை மாட்டி, மறுபடி ஆன் செய்யுங்கள். டிஸ்ப்ளேயில் 25 வந்தால் போர்டின் கணக்கு சரி. ஆயிரக்கணக்கில் செலவு செய்யப் போகிற கேள்விக்கு இத்துனூண்டு பொருள் பதில் சொல்லிவிடும். போர்டு போய்விட்டது என்று யார் சொன்னாலும், ரெசிஸ்டர் போட்டுப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

போர்டு தேறிவிட்டால் சென்சாருக்கு வாருங்கள். எல்லோரும் ஐஸ் சோதனை சொல்வார்கள். நல்ல சோதனைதான். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்கு நிரம்புகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சார் நுனியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நடுவில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் 0 வர வேண்டும். ஆனால் இதோடு நிறுத்தியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படி ஏமாந்து, ஒருவருக்குத் தேவையே இல்லாமல் போர்டு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறவரை எனக்குத் தூக்கமில்லை.

அதன் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 0 டிகிரியில் இந்தச் சென்சார் 30,000 ஓமுக்கு அக்கம்பக்கம் இருக்கும். அங்கே ஒரு டிகிரி மாறினால் 1,500 ஓமுக்கு மேல் மாறும். ஷெட்டின் சூட்டில், 30 டிகிரி வாக்கில், ஒரு டிகிரிக்கு 300 ஓம் அளவுதான். இப்போது ஒயரில் ஒரு ஜாயிண்ட் பச்சை பிடித்து 1,000 ஓம் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஐஸில் வைத்தால் அரை டிகிரிதான் தப்பும், சரி என்று விட்டுவிடுவோம். அதே 1,000 ஓம் ஷெட்டுக்குள் மூன்று டிகிரியைத் தின்றுவிடும். உங்கள் ஷெட்டில் நடப்பது அநேகமாக இதுதான்.

அதனால் ஐஸோடு வெந்நீரிலும் பாருங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரும் சென்சாரும் சேர்ந்து முங்குகிற மாதிரி, 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஐஸில் ஏறக்குறைய சரி, வெந்நீரில் நாலு டிகிரி குறைவு என்றால் ஒயரிலோ ஜாயிண்டிலோ கோளாறு. இரண்டிலும் ஒரே அளவு தப்பினால் செட்டிங்கில், டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டிக் குறைக்கிற கரெக்‌ஷன் கொடுத்தால் போதும். கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்க்காதீர்கள். சென்சார் உறை தாங்காது. அதுவும் போக, கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 98.5 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 100 வரவில்லை என்று நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜாயிண்டைக் கண்டுபிடிக்க, ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றிக்கொள்ளுங்கள். சென்சார் பக்க முனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, பேனல் பக்கம் மல்டிமீட்டர் வையுங்கள். நாலைந்து ஓம் வந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது. நூறு, ஆயிரம் என்று வந்தால் எங்கேயோ முறுக்கி டேப் சுற்றிய இடம் இருக்கிறது, தேடுங்கள். கோழி எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா செம்பைத் தின்னும், எலி கடிக்கும். ஒட்டு இல்லாமல் ஒரே ஒயராக இழுத்து, பைப்புக்குள் விட்டுவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் கூலிங் பேட் பக்கம் ஈரம் இறங்கி இரண்டு கம்பிக்கும் நடுவே கசிந்தால் ஓம் குறையும், டிஸ்ப்ளே கூடுதலாகக் காட்டும், ஹீட்டர் ஓடாது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கும். எல்லாக் குஞ்சும் ஒரே பக்கமாக ஒதுங்கினால் அது காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் அடிக்கிற அடிக்கு, மேற்குப் பக்கப் படுதாவில் ஒரு கிழிசல் போதும். அதற்குக் கண்ட்ரோலரைக் குறை சொல்லக் கூடாது.

அண்ணா, வீட்டில் 60 முட்டை வைக்கிற இன்குபேட்டர் இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டை வைத்தால் 23ஆம் நாள்தான் பொரிக்கிறது. அதிலும் பாதிக் குஞ்சுக்குக் காலில் தெம்பே இல்லை. டிஸ்ப்ளேயில் எப்போது பார்த்தாலும் 37.7தான் இருக்கிறது.
*– வாசகி, காங்கேயம்*

அம்மணி, கோழி முட்டைக்கு 21 நாள். இரண்டு நாள் தள்ளிப் பொரிக்கிறது என்றால் முட்டைக்குப் போதிய சூடு போகவில்லை. முன்கூட்டியே பொரித்திருந்தால் சூடு கூடிவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

மேலே பல்லடத்துத் தம்பிக்குச் சொன்ன வெந்நீர் சோதனையை நீங்களும் செய்யுங்கள். இன்குபேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. வேண்டிய சூடும் காய்ச்சல் தெர்மாமீட்டர் அளக்கிற சூடும் ஒன்றாகவே இருக்கிறது. 37.5 டிகிரி என்பது 99.5 ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் 37.7 காட்டும்போது டிஸ்ப்ளேயில் 38.5 வந்தால், உங்கள் முட்டைகள் இத்தனை நாளும் 36.9இல் இருந்திருக்கின்றன. செட்டிங்கில் கரெக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அதில் மைனஸ் 0.8 கொடுங்கள்.

உள்ளே ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். இறகுத் தூசி அடைத்து மெதுவாகச் சுற்றினால் சென்சார் இருக்கிற இடம் மட்டும் சூடாக இருக்கும், ஓர முட்டைகள் குளிர்ந்து கிடக்கும். ஃபேனே இல்லாத பெட்டி என்றால் கணக்கு வேறு. முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில் இருக்க வேண்டும், ஏனென்றால் அடியில் குறைந்துவிடும். அப்புறம், ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டைகளை அடை வைத்தீர்களா? அவையும் தாமதமாகத்தான் பொரிக்கும், அதற்கு மிஷின் பொறுப்பில்லை.

பட்டுப்புழு மனையில் இளம்புழுவுக்காக ஹீட்டர், ஏ.சி. இரண்டையும் ஒரே கண்ட்ரோலரில் கொடுத்திருக்கிறோம். இரண்டும் மாற்றி மாற்றி ஓடி கரண்ட் பில் எகிறுகிறது. கரண்ட் போய் வந்தால் ஏ.சி. உடனே எடுப்பதும் இல்லை.
*– வாசகர், உடுமலை*

ஏ.சி. உடனே எடுக்காதது நல்லதற்குத்தான். கம்ப்ரஸரைக் காப்பாற்ற மூன்று நிமிடம் பொறுத்துத்தான் ஓட்டும்படி வைத்திருப்பார்கள். அவசரப்பட்டு அணைத்து அணைத்துப் போடாதீர்கள். மாற்றி மாற்றி ஓடுவதற்குக் காரணம், இரண்டையும் 27 என்று ஒரே எண்ணில் வைத்திருப்பீர்கள். 26க்குக் கீழே போனால் ஹீட்டர், 28க்கு மேலே போனால் ஏ.சி. என்று நடுவே இடம் விடுங்கள். இளம்புழுவுக்கு 26 முதல் 28 வரை நல்ல சூடுதான். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடும், இளம்புழுவுக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12ஆம் நாள் ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் பார்த்தால் ஷெட் அடுப்பு மாதிரி கொதிக்கிறது.
*– வாசகர், பரமத்தி வேலூர்*

நாள்வாரியாகச் சூட்டைக் குறைக்கிற கண்ட்ரோலர் என்றால் டிஸ்ப்ளேயில் எத்தனையாவது நாள் என்று பாருங்கள். 1 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, நாள் கணக்கை மறந்து, முதல் நாள் குஞ்சுக்குரிய 33 டிகிரியைப் பிடித்துவிட்டது. பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்கிப் போடுங்கள், பெரும்பாலும் சி.ஆர். 2032 ஆக இருக்கும்.

சூடு அளவு மீறினால் ஹீட்டரை வெட்டுகிற ஹை-லிமிட் தெர்மோஸ்டாட் ஒன்றைத் தனியாக மாட்டச் சொல்கிறார்கள். கண்ட்ரோலரே அணைத்துவிடும்போது அது எதற்கு?
*– வாசகர், சூலூர்*

கண்ட்ரோலர் அணைக்கும், ஹீட்டருக்குக் கரண்ட்டை விட்டு வெட்டுகிற சுவிட்சான ரிலே அணைய வேண்டுமே. 2 கிலோவாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதைப் போர்டில் இருக்கிற 10 ஆம்பியர் ரிலேயிலேயே நேராகக் கொடுத்திருப்பார்கள். நாளடைவில் காண்டாக்ட் பொறிந்து, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். டிஸ்ப்ளேயில் ஹீட்டர் ஆஃப் என்று இருக்கும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். நான் பேனல் போட்ட ஒரு ஷெட்டில் ஒரு மார்கழி ராத்திரி இப்படி ஆனது. விடியற்காலை போய்ப் பார்த்தபோது பாதிக் குஞ்சு செத்துக் கிடந்தது. அந்தப் பண்ணைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, குஞ்சுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து ஹை-லிமிட் இல்லாமல் நான் பேனல் கொடுப்பதில்லை.

ரிலே, கூடுதல் கரண்ட்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரை மட்டும் இயக்கட்டும், ஹீட்டர் காண்டாக்டரில் ஓடட்டும். ஹை-லிமிட்டுக்கு ஒரு தனிக் காண்டாக்டர் வையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இன்னொன்று லைனை வெட்ட வேண்டும். அதன் சென்சாரும் தனியாக, குஞ்சு உயரத்தில் இருக்கட்டும். வேண்டிய சூட்டைவிட மூன்று டிகிரி மேலே வைத்து, குஞ்சுக்கு நாளாக ஆக அதையும் கூடவே இறக்கி வாருங்கள். 230 வோல்ட் வேலை, தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் குஞ்சு வண்டி வருவதற்கு முந்தின நாள் ஹீட்டரை ஓடவிட்டு, ஹை-லிமிட் குமிழை மெதுவாகக் கீழே திருப்புங்கள். ஷெட்டின் சூட்டுக்குக் கீழே வந்ததும் ஹீட்டர் அணைய வேண்டும். அணையாவிட்டால், சரி செய்கிறவரை குஞ்சை இறக்க வேண்டாம் என்று குஞ்சு அனுப்புகிற கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.