துப்பாக்கித் தொழிற்சாலை வேலை: அரசா, தனியாரா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் இருக்கும் உங்கள் மகளுக்கு ராணுவத் துப்பாக்கி வடிவமைப்பில் ஆர்வம். அவள் தனியார் நிறுவனத்துக்குப் போக நினைக்கிறாள். அரசு ஆயுதத் தொழிற்சாலை என்றால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை என்பது உங்கள் எண்ணம். பெற்றவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தத் துறையில் 'அரசு' என்ற சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச்சாலை 1794-ல் தொடங்கியது. அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஜான் கேரண்ட் வடிவமைத்த எம்1 ரைஃபிளை 1936-ல் ராணுவம் ஏற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை அதைத்தான் ஏந்தியது. 1957-ல் அதே இடத்து எம்14 தேர்வானது. ஆனால் ஆர்மலைட் என்ற சின்னத் தனியார் நிறுவனத்தின் ஏஆர்-15 பின்னாலேயே வந்தது. 1959-ல் அதன் உரிமையை கோல்ட் என்ற தனியார் துப்பாக்கி நிறுவனம் வாங்கியது. ராணுவத்தில் அதுதான் எம்16 ஆனது; எம்4 அதன் குட்டையான வடிவம். 1963-ல் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா எம்14 உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்தார். 1968-ல் ஸ்பிரிங்ஃபீல்டையே மூடிவிட்டார்கள். பிரிட்டனின் என்ஃபீல்ட் அரசு ஆலையும் முதலில் தனியார் கைக்குப் போய், 1988-ல் மூடப்பட்டது.

அப்படியென்றால் தனியார்தான் பத்திரமா? அதுவும் இல்லை. எம்16, எம்4 என்று பல வருடம் கோலோச்சிய கோல்ட், 2013-ல் எம்4 ஒப்பந்தத்தை எஃப்என் என்ற போட்டி நிறுவனத்திடம் இழந்தது. 2015-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இந்தப் போட்டியில் பெரிய விஷயம், வடிவமைப்பும் அதன் வரைபடங்களும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான். ஸ்பிரிங்ஃபீல்டின் 1903 மாடல் ரைஃபிளில் ஜெர்மனியின் மவுசர் காப்புரிமைகள் கலந்திருந்ததால், அமெரிக்க அரசு அந்தத் தனியார் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் ராயல்டி கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழானது. எம்4 வரைபட உரிமை ராணுவத்துக்கு வந்த பிறகுதான் வேறு நிறுவனங்களும் போட்டியிட முடிந்தது. அதனால் நேர்முகத் தேர்வில் உங்கள் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இங்கே சொந்த வடிவமைப்பு நடக்கிறதா, இல்லை, அடுத்தவர் வரைபடத்துக்கு உற்பத்தி மட்டும்தானா?" சொந்த வடிவமைப்புப் பிரிவும் சுட்டுச் சோதிக்கும் தளமும் இருக்கும் அரசு ஆலை கிடைத்தால், முதல் நான்கைந்து வருடம் அங்கேயே இருக்கட்டும் என்பேன். உற்பத்தி மட்டும் என்றால் அவள் விருப்பப்படி தனியாருக்கே போகட்டும்.

ஒன்றை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். கேரண்ட் தன் காப்புரிமைகளை அரசுக்கே கொடுத்துவிட்டார். லட்சக்கணக்கில் எம்1 செய்யப்பட்டும் அவருக்கு ராயல்டி கிடையாது. வடிவமைப்பாளராக வர நினைக்கும் பெண் வேலை ஒப்பந்தத்தில் காப்புரிமை பற்றிய வரிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அப்புறம், படிப்பு. வியட்நாமில் தொடக்ககால எம்16 போர்முனையிலேயே அடைத்துக்கொண்டு நின்றது. தோட்டாவின் வெடிமருந்து வகையை மாற்றியிருந்தார்கள். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. துடைக்கும் சாதனங்கள் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. வீரர்கள் செத்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. வடிவமைப்பு தனியாருடையது, வெடிமருந்தை மாற்றியது ராணுவத்தின் பக்கம். இப்படி நடுவில் விழும் தவறைக் கண்டுபிடிப்பவர் சோதனைப் பொறியாளர்தான். அதனால் உலோகவியல், மிகத் துல்லியமாக அளக்கும் நுண்ணளவியல், சோதனைத் தரவைப் படிக்கும் புள்ளியியல் ஆகிய மூன்றையும் அவள் ஆழமாகக் கற்க வேண்டும். ஒரு ஆலை மூடினாலும் விமானம், மருத்துவக் கருவி என்று எங்கும் இந்தத் திறமைக்கு இடமுண்டு. நீங்கள் தேடும் பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இங்கேதான் இருக்கிறது.

அவள் செய்வது ஆயுதம் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். அதில் அவளுக்குத் தெளிவு இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். சரி, அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். கடைசி வருட புராஜெக்ட் எதைப் பற்றியது, அதில் அவளே கையால் அளந்தது என்ன என்ற இரண்டும் அதில் இருக்கட்டும்.