நிற்பதும் நடப்பதும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

செம்பூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதம், பார்க்கின்சன் என்ற மூளை நோய் வந்தவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் என் வேலை. நம் மும்பைத் தமிழர் குழுவில் ஞாயிறு முழுக்க வந்த கேள்விகளில் என் துறைக்குள் வருபவற்றை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களை அவர்கள் இருக்கும் இடத்தின் பெயரால் குறித்திருக்கிறேன். மூட்டுத் தேய்மானம் பற்றிக் கேட்டவர்கள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

டோம்பிவிலி: அக்கா, தினமும் லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடிக்காமலே நின்று வருகிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பக்கத்து ஆள்மேல் சாய்கிறான். ஏன் இந்த வித்தியாசம்?

அருமையான கேள்வி. சும்மா நிற்பதே ஒரு வேலை. நம் உடல் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதனால் கெண்டைக்கால் தசை ஓயாமல் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி பிரேக் போட்டதும் உடல் முன்னால் சாய, கெண்டைத் தசை இழுபடுகிறது. நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முதுகுத் தண்டுவடம் அந்தத் தசையைச் சுருக்கப் பார்க்கும். அது சிறு உதவிதான். உண்மையில் உங்களைக் காப்பது, மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத் தண்டு வழியாக நொடியில் பத்தில் ஒரு பங்கில் வரும் அடுத்த கட்டளை. ‘விழப்போகிறோம்’ என்று நீங்கள் நினைப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். சாய்வு அதிகமானால் இடுப்பை வளைப்போம், அதற்கும் மேலே போனால் ஓரடி எடுத்து வைப்போம். கூட்டத்தில் அந்த ஓரடிக்கு இடம் இல்லாததால்தான் காலை அகட்டி நிற்கிறோம்.

தம்பிக்கும் இதெல்லாம் உண்டு. உங்களுக்குக் கூடுதலாக இருப்பது, அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையின் பழக்கம். பிரேக் சத்தம் கேட்டதுமே உங்கள் தசைகள் தயாராகிவிடுகின்றன. பையை மேலே வைக்கக் கையைத் தூக்கும்போது கவனித்திருக்க மாட்டீர்கள்: கைக்கு முன்னால் காலும் முதுகும் இறுகியிருக்கும். தம்பியும் பழகிவிடுவான். அதுவரை கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முலுண்ட்: நிமிர்ந்து உட்கார முதுகு பெல்ட் வாங்கலாமா?

வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்தால் போதும்.

மாட்டுங்கா: அம்மாவுக்கு 71 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. பகலில் நன்றாக நடக்கிறார். ராத்திரி பாத்ரூம் போகும்போது மட்டும் தள்ளாடிச் சுவரில் மோதுகிறார். கண் கோளாறா?

கண் நன்றாக இருப்பதால்தான் பகலில் விழாமல் இருக்கிறார். நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். நாள்பட்ட சர்க்கரையில் பாத நரம்புகள் மங்கும். அந்தக் குறையைக் கண் ஈடுகட்டும். இருட்டில் கண்ணும் உதவாது. முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் தள்ளாடுகிறாரா என்று பாருங்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படி ஆகும். சைவச் சாப்பாடும் பல வருடம் எடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், மருத்துவரிடம் பாதத்தையும் காட்டுங்கள். இன்று ராத்திரியே படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை விளக்கு எரியட்டும். இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: வீட்டில் பெரியவர்கள் இருந்தால் விளக்கை அணைக்காதீர்கள்.

சயான்: அப்பாவுக்குப் பார்க்கின்சன். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். ஆனால் அம்மா போட்ட கோலத்தை அழகாகத் தாண்டிப் போகிறார். நடிக்கிறார் என்கிறார் அண்ணன்.

அண்ணனிடம் இதைக் காட்டுங்கள். அப்பா நடிக்கவில்லை. பழகிய நடையைத் தானாக ஓடவிடும் மூளைப் பகுதி இந்த நோயில் பழுதாகிறது. கோலத்தின் கோட்டைப் பார்த்து அடி வைக்கும்போது மூளை வேறு வழியைப் பயன்படுத்துகிறது, அது இன்னும் வேலை செய்கிறது. வாசலுக்கு முன்னால் ஓரடிக்கு ஒன்றாக, குறுக்கே வண்ண டேப் ஒட்டுங்கள். நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நடக்கும்போது பேச்சும் கொடுக்காதீர்கள்.

வாஷி: பாப்பாவுக்கு 9 மாதம். உட்கார்ந்து ஓட்டும் வாக்கர் வாங்கலாமா அக்கா?

வாங்காதேம்மா. கனடாவில் 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம்.

தாராவி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் நடைவண்டியில்தான் நடை பழகியது. அதையும் தப்பு என்பீர்களா?

இல்லை ஐயா, அது வேறு. நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தன் காலில் தாங்கி, பின்னால் நின்று தள்ளுகிறது. வாக்கரில் தொங்கிக்கொண்டு கால்விரலால் உந்துகிறது.

தாணே: என் பையன் வாக்கரில் இருந்து 11 மாதத்தில் நடந்தான். நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

நடந்தது சந்தோஷம். வாக்கர் இல்லாத குழந்தைகளும் 11 மாதத்தில் நடக்கிறார்கள், 15 மாதத்திலும் நடக்கிறார்கள், இரண்டும் இயல்புதான். பிறந்த சிசுவைத் தூக்கிப் பாதம் தரையில் படும்படி பிடித்தால் மாறி மாறி அடி வைக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது. 1911இல் கிரஹாம் பிரௌன் என்ற உடலியல் ஆய்வாளர் பூனைகளில் இதைக் காட்டினார்: மூளையிலிருந்தும் காலிலிருந்தும் வரும் செய்திகளைத் துண்டித்த பிறகும் கால் தசைகள் மாறி மாறிச் சுருங்கின. ஆகவே அடி எடுத்து வைப்பதைக் குழந்தைக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். அது கற்க வேண்டியது விழாமல் நிற்பதை. வாக்கர் அந்தப் பாடத்தைத்தான் பறிக்கிறது.

தாணே: பக்கத்து வீட்டிலும் வைத்திருக்கிறார்களே?

பதில் சொல்லிவிட்டேன்.

காட்கோபர்: படுக்கையில் புரண்டால் ஒரு நிமிடம் அறை சுற்றுகிறது.

உள்காதில் துகள் இடம் மாறியிருக்கலாம். காது மருத்துவரிடம் போங்கள். தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரிசெய்வார்.

கல்யாண், பாண்டுப், மறுபடி முலுண்ட்: முதுகு பெல்ட்?

மேலே பாருங்கள்.

தாராவி: மரத்தில் நானே செய்த நடைவண்டி ஒன்று சும்மா கிடக்கிறது. வாஷிப் பாப்பாவுக்குத் தரட்டுமா?

தாருங்கள் ஐயா, மிக்க நன்றி. பாப்பா தானாக எதையாவது பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியதும் கொடுக்கலாம். வழுக்கும் தரையில் வேகமாக ஓடிவிடும், சக்கரத்தில் துணி சுற்றிக் கொடுங்கள்.