பயணம்: கேள்வி – பதில்
நல்லர்போர் வழியில் கூடாரத்தோடு

கேள்வி: நான், கணவர், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். டிசம்பர் விடுமுறையில் சொந்தக் காரில் நல்லர்போர் சமவெளியைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் கடற்கரை வரை போய்வர ஆசை. ஓட்டல் செலவு கட்டுப்படியாகாது, கூடாரம்தான். எவ்வளவு ஆகும்? பத்து நாள் போதுமா?
— வாசகி, அடிலெய்டு

பதில்: முதலில் மாதத்தை மாற்றுங்கள். டிசம்பரில் அந்தச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ‘நல்லர்போர்’ என்றாலே லத்தீனில் ‘மரம் இல்லை’ என்றுதான் பொருள், ஒதுங்க நிழல் கிடைக்காது. முழுத் தீத்தடை அறிவித்துவிட்டால் வெளியில் அடுப்புப் பற்றவைப்பதும் சிக்கல். செப்டம்பர் கடைசியில் வரும் இரண்டு வார விடுமுறையில் கிளம்புங்கள்.

அடிலெய்டிலிருந்து எஸ்பெரன்ஸ் ஏறத்தாழ 2,200 கி.மீ. போக வர 4,400. நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும் கார் என்றால் 400 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 2 டாலர் என்று போட்டாலே 800 ஆகிறது. வழியில் உள்ள ரோட்ஹவுஸ்களில் (பெட்ரோல், சாப்பாடு, தங்க அறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சாலையோரக் கடைகள்) விலை நகரத்தைவிடக் கூடுதல், அதனால் 1,000 டாலரைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரிய செலவு இது ஒன்றுதான். தங்குவதற்கு நெடுஞ்சாலை ஓரமாக 24 மணி நேரம் இலவசமாக விடும் ஓய்விடங்கள் நிறைய இருக்கின்றன. மூன்று நாளைக்கு ஒருமுறை, குளிக்கவும் துணி துவைக்கவும் காசு கொடுத்து ஒரு கேரவன் பார்க். நாங்கள் அப்படித்தான் போய்வந்தோம்.

பத்து நாள் போதாது, 14 நாள் வேண்டும். நாள் குறைவாக இருந்தால் பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டத் தோன்றும். எங்கள் முதல் பயணத்தில் அதுதான் நடந்தது. வாடகை வேன். தங்குமிடத்துக்கு இன்னும் இருபது நிமிடம், சூரியன் இறங்கிவிட்டது, ‘வந்துவிட்டோமே’ என்று என் கணவர் ஓட்டினார். இடது பக்கப் புதரிலிருந்து கங்காரு ஒன்று நேராக விளக்கில் வந்து விழுந்தது. இறங்கிப் பார்த்தால் முன்பக்கம் மடங்கி, ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர் தார்ச் சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் மகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அந்தி முதல் விடியும் வரை விலங்கு மோதினால் காப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததை நாங்கள் படிக்கவில்லை. அன்று கட்டிய பணத்துக்கு இரண்டு வாரமும் மோட்டல் அறையிலேயே தங்கியிருக்கலாம். இப்போதெல்லாம் நாலு மணிக்குக் கூடாரம் அடித்துவிடுகிறோம். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தண்ணீர்: நான்கு பேருக்கு மூன்று 20 லிட்டர் கேன், சமவெளிக்கு முன்னால் வரும் செடுனா ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ரோட்ஹவுஸ்காரர்களுக்கே தண்ணீர் தட்டுப்பாடு, அவர்களிடம் கேன் நீட்டுவது நியாயமில்லை. பெட்ரோலுக்குப் பயப்பட வேண்டாம், நல்லர்போரைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையில் சுமார் 200 கி.மீ.க்குள் ஒரு பங்க் வந்துவிடும். ஆனால் இடையில் போன் எடுக்காத நீண்ட தூரங்கள் உண்டு. செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குத் தகவல் அனுப்பும் பி.எல்.பி. கருவி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ கையில் வையுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், அப்பளம் போதும். ஆனால் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனைச்சாவடி இருக்கிறது. பழம், பச்சைக் காய்கறி, தேன் எதையும் உள்ளே விட மாட்டார்கள். சமைத்த காய் போகலாம். அதனால் எல்லைக்கு முந்தைய இரவு, மிச்சமிருந்த கேரட், முருங்கைக்காய், வெங்காயம், தக்காளி எல்லாவற்றையும் ஒற்றை அடுப்பில் ஒரே சாம்பாராக வைத்தேன். கறிவேப்பிலையையும் ஒரு இலை விடாமல் அதிலேயே உருவிப் போட்டேன். காற்று அடுப்பை அணைக்காமலிருக்கப் பிள்ளைகள் இருவரும் பாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் மதியமும் அதே சாம்பார்தான், யாரும் குறை சொல்லவில்லை. திரும்பும்போது இதே சோதனை செடுனாவில்.

கேள்வி: மதுரையிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 66. அவர்களையும் கூடாரத்தில் தங்கவைக்கலாமா?
— வாசகர், பெர்த்

பதில்: தரையில் படுக்க வைக்காதீர்கள். என் அம்மாவுக்குப் படுப்பது சிரமமாக இல்லை, விடிகாலையில் எழுந்திருப்பதுதான் முடியவில்லை. மடக்குக் கட்டில் இரண்டு வாங்கிவிடுங்கள். செப்டம்பரிலும் இரவுக் குளிர் எலும்பைத் தொடும், கம்பளியும் காதுக்குக் குல்லாவும் அவசியம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவர்களுக்கு மட்டுமாவது ரோட்ஹவுஸ் அறை எடுங்கள். மருந்தை மொத்தமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் மருந்துக்கடையை நம்ப முடியாது.

கேள்வி: அந்த வழியில் பார்க்க ஒன்றுமே இல்லை, விமானத்தில் போய்விடு என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
— வாசகர், மெல்போர்ன்

பதில்: உண்மையில்லை. கைகூனா, பல்லடோனியா என்ற இரண்டு ரோட்ஹவுஸ் நிறுத்தங்களுக்கு நடுவே 146.6 கி.மீ. ஒரு வளைவும் இல்லாத சாலை. அதில் ஒருமுறையாவது வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, இறங்கி நில்லுங்கள்.

1841-இல் எட்வர்ட் ஜான் ஏர் என்ற ஆங்கிலேய ஆய்வுப் பயணி இந்தக் கரையோரமாக வந்தபோது மணல்மேட்டில் எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று காட்டியவர்கள் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள். உடன் வந்த பாக்ஸ்டர் வழியில் கொல்லப்பட்டார். அதன்பின் ஏருக்குத் துணையாக ஆல்பனி வரை நடந்தவர் வைலி என்ற பூர்வகுடி இளைஞர். எஸ்பெரன்ஸ் அருகே ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல்தான் இருவருக்கும் சோறு போட்டது. நெடுஞ்சாலைக்கு வைத்தது ஏரின் பெயரை மட்டும். வைலி இல்லாமல் அவர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்.

சமவெளி கடலில் முடியும் இடத்திலுள்ள பண்டா பாறைச்சுவர்களைப் பார்வைமேடையிலிருந்து மட்டும் பாருங்கள். சுண்ணாம்புப் பாறையின் அடிப்பக்கத்தைக் கடல் குடைந்திருக்கும், விளிம்பு எப்போது உடையும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது.

அதற்குக் கிழக்கே ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடம். ஜூன் முதல் அக்டோபர் முற்பகுதி வரை தெற்குத் திமிங்கிலங்கள் குட்டி ஈனவும் வளர்க்கவும் அங்கே வருகின்றன. நாங்கள் காலை ஒன்பது மணிக்கு மரப்பாதையில் இறங்கினோம். நேர் கீழே ஒரு தாய் மிதந்துகொண்டிருந்தது, தலையில் வெள்ளைத் திட்டுகள். குட்டி அதன் முதுகில் ஏறுவதும் சறுக்கித் தண்ணீரில் விழுவதுமாக இருந்தது. தாய் மூச்சு விடும்போது பெரிய பாய்லரைத் திறந்தாற்போல் ஒரு சத்தம், அது மேலே எங்கள் வரைக்கும் கேட்டது. மகன் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டே இருந்தான். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அன்றைக்கு 100 கி.மீ. கூட ஓட்டவில்லை.