உப்புநீர்த் தொட்டியின் பாசியும் கல்லடிக் கிணற்று நீரும்

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் 200 லீற்றர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் ஆறு நத்தைகளும் இருந்தன. நான்கு மாதங்களாகக் கற்களின்மேல் தலைமுடி போன்ற பச்சைப் பாசி படர்கிறது. கடையில் தந்த பாசிக்கொல்லியை இருமுறை விட்டேன். பாசி வெளுத்து, மூன்று வாரங்களில் முன்னிலும் அடர்த்தியாக வந்தது. நத்தைகள் அனைத்தும் இறந்துவிட்டன. நீர்ச் சோதனையில் நைத்திரேற்று (பாசிக்குப் பசளையாகும் நைதரசன் உப்பு) பூச்சியம் என்றே காட்டுகிறது. நீர் குறையும்போது கிணற்று நீரால் நிரப்புகிறேன். இதைவிட வலுவான மருந்து எது?

பதில்: வலுவான மருந்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நத்தைகள் இறந்ததற்கு அந்தப் போத்தலையே முதலில் சந்தேகிக்கிறேன். பாசிக்கொல்லிகள் பலவற்றில் செப்பு உண்டு. மீன் தாங்கும் அளவு செப்பை நத்தையோ இறாலோ தாங்காது. அது கல்லிலும் மணலிலும் படிந்திருந்து பின்னரும் கசியக்கூடும் என்பதால், சிலமுறை நீரை மாற்றி, செப்புச் சோதனை செய்து பார்க்கும்வரை புதிய நத்தைகளை விடவேண்டாம். போத்தலில் என்ன இருக்கிறதென்று சொல்லத் தெரியாத கடைக்காரர் நத்தை உள்ள தொட்டிக்கு அதை விற்றிருக்கவே கூடாது. மருந்தால் செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகி, அடுத்த பாசிக்குப் பசளையாகிறது. மூன்று வாரங்களில் அது திரும்பியதன் காரணம் இதுதான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கிணற்று நீர்தான் என்னை நிறுத்தியது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலான கல்லடி மணற்பட்டையில் வீடுகள் நெருங்கியிருக்க, மலசலகூடக் குழியிலிருந்து வரும் நைத்திரேற்று மணலூடாகத் தடையின்றிக் கிணற்றை அடைகிறது. தொட்டியிலிருந்து ஆவியாவது தூய நீர் மட்டுமே. கரைந்திருந்தவை யாவும் உள்ளேயே தங்கும். நாளுக்கு இரண்டு லீற்றர் ஊற்றினால் 100 நாட்களில் 200 லீற்றர் கிணற்று நீர் போயிருக்கும். லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணறானால், 4 கிராம் நைத்திரேற்றை நீங்களே வயலுக்கு மேற்கட்டுப் பசளை இடுவதுபோல இட்டிருக்கிறீர்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரை ஏற்கப்படுவதால், நீங்கள் நலமாகக் குடிக்கும் நீரே பாசிக்கு விருந்தாகலாம். சோதனை பூச்சியம் காட்டுவதை நம்பி ஆறுதல் அடையாதீர்கள்: நீரில் இருந்ததைப் பாசி உறிஞ்சித் தன் உடலில் வைத்திருக்கிறது.

ஆகவே இன்றிலிருந்து குறைநிரப்ப ஆர்.ஓ. நீரை (நுண்சவ்வூடாக வடித்து, கரைந்த உப்புகளை நீக்கிய நீர்) தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். விலை அதிகமென்று தோன்றலாம். இரண்டு போத்தல் மருந்துக்குக் கொடுத்த காசையும் இறந்த நத்தைகளையும் எண்ணிப் பாருங்கள். கற்களை ஒவ்வொன்றாகக் கடல்நீர் வாளிக்குள் எடுத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து, அந்த நீரை வெளியே கொட்டுங்கள். இப்படிக் கையால் அகற்றும் பாசியோடுதான் அது உறிஞ்சிய பசளையும் தொட்டியை விட்டு வெளியேறும். விளக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலம் எரிந்தால் போதும். உறைந்த இறாலை உருகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டே கொடுங்கள்.

மாரியில் முகத்துவாரம் திறந்து வாவி நீர் கடலில் கலக்கும் நாட்களில் கரையோரத்தில் கடல்நீர் அள்ளாதீர்கள்; மற்ற நாட்களிலும் அதன் அடர்த்தி (தூய நீரை 1 எனக் கொண்டால்) 1.025 அளவில் இருக்கிறதா என்று அளந்தே ஊற்றுங்கள்.

தொட்டியில் வைத்துப் பார்த்த அதே சோதனையைக் கிணற்று நீரிலும் செய்து, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.